எல்ட்ஸா, கோஹெமா?

ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கம் ஒரே ஒரு கோட்டையைப் பார்க்கத்தான் நேரம் என்றால், நான் எல்ட்ஸைத்தான் சொல்வேன். கோஹெம் எடுப்பானதுதான், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே கம்பீரமாக நிற்கிறது. ஆனால் 1689இல் பிரெஞ்சுப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது, கீழே ஊரையும் எரித்தது. இன்று நாம் பார்ப்பது, 1868இல் இடிபாடுகளை வாங்கிய பெர்லின் வணிகர் லூயி ரவனே தன் ரசனைப்படி கட்டிய கோடை மாளிகை.

எல்ட்ஸ் அந்தப் போரில் தப்பியது. அதன் சொந்தக்காரக் குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரி! 1268இல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டதால் ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடுகள். கூடிப் பேசும் மண்டபத்தில் கோமாளி முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: இங்கே எதையும் பேசலாம். கதவின் மேல் ஒரு ரோஜா: பேசியது வெளியே போகக் கூடாது.

சுற்றுக் கிராமங்களின் கதை என்றால் கோஹெம்தான் முந்துகிறது. 1294இல் ஜெர்மானிய அரசர் அடால்ஃப், கோட்டையோடு சுமார் 50 கிராமங்களையும் ட்ரியர் நகரப் பேராயரிடம் நகையைப் போல அடகு வைத்தார், யாரும் மீட்கவில்லை. அதே ட்ரியரின் பேராயர் பால்டுவின் 1331இல் எல்ட்ஸுக்கு மேலேயே முற்றுகைக் கோட்டை கட்டிக் கல்லுருண்டைகளை எறிந்தார். அந்த முற்றுகைக் கோட்டையின் இடிசுவர்கள் இன்னும் நிற்கின்றன.

மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரமாக நடந்தே எல்ட்ஸுக்குப் போகலாம். குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள்.