டிரை ஸ்டார்ட்டா, முதல் நாளே தண்ணீரா?

கல்லும் பச்சைத் தரையும் மட்டுமே உள்ள மீன் தொட்டியில், தரையில் படரும் மான்டி கார்லோ செடி நடப்போகிறீர்களா? டிரை ஸ்டார்ட்டில், அதாவது தண்ணீர் நிரப்பாமல் செடி வளர்க்கத் தொடங்கும் முறையில், மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, தொட்டியின் வாயை பிளாஸ்டிக் தாளால் மூடி 4 முதல் 8 வாரம் விட்டுவிடலாம். கார்பன் டை ஆக்சைடு காற்றிலேயே கிடைப்பதால் அதுவரை சிலிண்டர் வேண்டாம், பாசித் தொல்லையும் ரொம்பக் குறைவு. தினமும் கொஞ்ச நேரம் தாளைத் திறக்காவிட்டால் மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். அப்புறம், தண்ணீர் நிரப்பியதும் காற்றில் வளர்ந்த இலைகளில் கொஞ்சம் கரையும், பதறாதீர்கள்.

நேரடியாகத் தண்ணீர் விட்டால் பெரிய எரிச்சல், நட்டதெல்லாம் மிதந்து மேலே வருவதுதான். சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து, இடுக்கியால் சாய்வாகக் குத்தி, இலை நுனி மட்டும் தெரியும்படி புதைத்தால் பெரும்பாலும் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு முதல் நாளே வேண்டும், தொடக்க வாரங்களில் அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும், வேலைதான். ஆனால் மீன் கழிவைச் சுத்திகரிக்கும் பாக்டீரியா வடிகட்டியில் அப்போதே சேரத் தொடங்குவதால் மீன் விடக் காத்திருக்கும் காலம் குறையும்.

சிலிண்டர் கையில் இருந்தால் நான் நேரடியாகத்தான் நிரப்புவேன். மண்மேடு செங்குத்தாக இருந்தால் மட்டும் டிரை ஸ்டார்ட். வேர் பிடிக்காத சரிவு தண்ணீர் பட்டதும் சரிந்துவிடும்.