வாரியத்தை மூடுறதா, வச்சு சரி பண்றதா? கொக்கோல நைஜீரியாவும் கானாவும்

எம்.ஏ. ஆய்வுக்கு, விவசாயிகிட்ட கொக்கோவை (சாக்லேட் பண்ற விதை) வாங்கி விக்கற அரசு கொள்முதல் வாரியம் கெட்டுப்போனா, நைஜீரியா மாதிரி மூடணுமா, கானா மாதிரி வச்சு சரி பண்ணணுமான்னு ஏதாவது ஒரு பக்கம் நின்னே ஆகணும்னு இருந்துச்சு. நான் கானா பக்கம் நின்னேன், அதாவது மூடாதே, ஆளைக் குறை, வேலையைக் குறைன்னு.

ரெண்டு நாட்டு வாரியமும் 1947ல பிரிட்டிஷ்காரன் வச்சதுதான், வியாதியும் ஒண்ணுதான். உலக விலைக்கும் விவசாயிக்குக் கொடுக்கற விலைக்கும் நடுவுல இருந்த காசை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. கானால 1964-65ல 5 லட்சம் டன்னைத் தாண்டின விளைச்சல், வறட்சி காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து 1983-84ல 1.6 லட்சம் டன்னுக்கு இறங்கிருச்சு, இருந்த மூட்டையிலயும் நிறைய ஐவரி கோஸ்ட்டுக்குக் கடத்தலாப் போச்சு.

நைஜீரியா 1986ல வாரியத்தை ஒரேயடியா கலைச்சுது. விவசாயி கைக்கு வர்ற பங்கு உடனே கூடுச்சு, அதை மறைக்க மாட்டேன். கானா 1 லட்சத்துக்கு மேல இருந்த ஊழியர்களை பத்தாயிரம் சொச்சத்துக்குக் கொண்டுவந்துச்சு, 1992-93ல இருந்து உள்ளூர் கொள்முதலுக்கு லைசென்ஸ் கொடுத்து தனியாரை உள்ள விட்டுச்சு, ஏற்றுமதியையும் தரச் சோதனையையும் மட்டும் தன் கையை விட்டு விடல.

என்னை முடிவெடுக்க வச்சது அந்தத் தரச் சோதனைதான். கொக்கோ விதையை அஞ்சாறு நாள் புளிக்க வச்சு அப்புறம் நல்லா காய வைக்கணும், சரியா பண்ணாங்களான்னு வெளிய பார்த்தா தெரியாது, விதையை வெட்டித்தான் பார்க்கணும். வாரியம் போனதும் பத்து வியாபாரி போட்டி போட்டு வாங்கறாங்க, ஒருத்தர் ஈரமா இருக்கு வேணாம்னா பக்கத்து ஆள் தூக்கிட்டுப் போயிடறார், அப்புறம் எந்த விவசாயி மெனக்கெட்டு ஆறு நாள் காத்திருப்பார்? நைஜீரியா சரக்கோட பேரு கெட்டது இப்படித்தான், கானா சரக்குக்கு மட்டும் கூடுதல் விலை நின்னுச்சு. இதுல அரசியலும் இருக்கு. ஆள் குறைப்புன்னா ஊழியர் சங்கம் வரும், விலைன்னா விவசாயியும் வியாபாரியும் வருவாங்க, விதையை வெட்டிப் பார்க்கற அந்த மேஜைக்காக யாருமே வர மாட்டாங்க, அதனால கலைக்கும்போது அதுவும் சத்தமில்லாம சேர்ந்து போயிடுது. போனதைத் திரும்பக் கட்டறதும் லேசு இல்ல. ஐவரி கோஸ்ட் 1999ல வாரியத்தைக் கலைச்சுட்டு, 2011-12ல மறுபடியும் ஒரு அரசு அமைப்பு, சீசனுக்கு ஒரே விலைன்னு திரும்பி வந்துச்சு, நடுவுல 12 வருஷம் போயிடுச்சு.

விலை விஷயத்துல மட்டும் எனக்கு அவ்வளவு உறுதி இல்ல. 2024ல உலகச் சந்தையில டன் 10,000 டாலரைத் தாண்டினப்போ கானா வாரியம் முன்னாடியே பழைய விலைக்கு விற்பனை ஒப்பந்தம் போட்டு வச்சிருந்துச்சு, விவசாயிக்குக் கிடைச்சது அதுல ஒரு பங்குதான், கடத்தலும் திரும்ப ஆரம்பிச்சுது. 2020-21ல 10 லட்சம் டன் தாண்டின விளைச்சல் 2023-24ல கிட்டத்தட்ட பாதியாச்சு. இப்போ எழுதினா தரச் சோதனையை மட்டும் அரசாங்கத்துகிட்ட விட்டுட்டு, விலை வைக்கற வேலையை வாரியத்துகிட்ட இருந்து எடுத்துடணும்னுதான் எழுதுவேன்.