பழைய காரின் பிரேக் விளக்கு சுவிட்சில் ஆயில் கசிவு: அடைத்து ஓட்டிய அனுபவம்

பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் விளக்கு சுவிட்ச் பொருத்தப்பட்ட பழைய கார்களில் கசிவு இரண்டு இடங்களிலிருந்து வரலாம். எந்த இடம் என்று அறியாமல் பசை பூசுவது வீண். சுவிட்சைத் துடைத்து உலர்த்தி, மரையைச் சுற்றி ஒரு தாளையும் மின்முனைகளின் மேல் இன்னொரு தாளையும் வைத்து, உதவிக்கு ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் எந்தத் தாள் நனைகிறது என்பது தெரிந்துவிடும். மின்முனைப் பக்கம் நனைந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அதை வெளியிலிருந்து எதைக் கொண்டும் அடைக்க முடியாது. சுவிட்சையே மாற்ற வேண்டும்.

என் காரில் கசிந்தது மரை. பல பழைய கார்களைப் போலவே இதிலும் இருப்பது 1/8 அங்குல என்.பி.டி. (குழாய் இணைப்புகளுக்கான அமெரிக்க மரைத் தரம்) அளவுள்ள கூம்பு மரை. 16-க்கு 1 என்ற விகிதத்தில் சரியும் அந்த மரை, இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ள வேண்டியது என்பதால், செப்பு வாஷர் போடுவதால் பயனில்லை. தேய்ந்த மரையை வலுக்கொண்டு இறுக்கினால் சுவிட்ச் திருகப்படும் பித்தளை இணைப்புக் கட்டை விரிசல் விடக்கூடும்.

டெஃப்லான் டேப்பை நான் தவிர்த்தேன். அதன் இழை ஒன்று பிய்ந்து, பெடலை மிதிக்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரின் நுண்துளையை அடைத்தால், கசிவைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும். காற்றுப் படாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்து இறுகும் திரவ அடைப்பானை, அது பிரேக் ஆயிலைத் தாங்கும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் உறுதிசெய்துகொண்டு வாங்கினேன். இரு மரைகளையும் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, நுனியிலுள்ள முதல் மரையை விட்டுவிட்டு மற்றவற்றில் மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் முழுவதும் பெடலைத் தொடாமல் விட்ட பிறகே ஏர் எடுத்தேன், அதாவது பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். பல ஆண்டுகள் ஓடியபின்னும் அந்த மரை உலர்ந்தே இருக்கிறது. சிந்திய ஆயிலைத் தண்ணீரால் உடனே கழுவியதும் நல்லதாயிற்று. கிளைகால் என்னும் வேதிப்பொருளின் அடிப்படையிலான டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் பெயின்ட்டை உரித்துவிடும்.

இடையில் சுவிட்சின் மின் பகுதி மட்டும் சற்றுத் தொந்தரவு தந்தது: விளக்கெரிய முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. 12 வோல்ட் காரில் 21 வாட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 3.5 ஆம்பியர் அந்தச் சிறு தொடுமுனைகள் வழியே பாய்கிறது; ஒவ்வொரு முறையும் எழும் தீப்பொறி அவற்றை அரிக்கிறது. புதிய சுவிட்சோடு, சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஒரு ரிலேயையும் சேர்த்த பின் மெதுவாக மிதித்தாலும் விளக்கு எரிகிறது. என் கணக்கில் அடைப்பானைவிட அந்த ரிலேதான் மதிப்புள்ள செலவு.

அடுத்த முறை பழுதானால், பெடல் தண்டால் இயங்கும் இயந்திர சுவிட்சுக்கு மாறிவிட எண்ணம். ஆயிலோடு தொடர்பே இல்லாததால் அதில் கசிய எதுவுமில்லை. அதற்கேற்ற பிடிப்புத் தகட்டை மட்டும் நாமே வெட்டிப் பொருத்த வேண்டியிருக்கும்.