1984 மாடல் பத்மினியுடன் பதின்மூன்று ஆண்டுகள்: ஒரு பெட்ரோல் கணக்கு நோட்டிலிருந்து

கோயம்புத்தூரில் 2012 மே மாதக் கடைசியில் 1984 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கினேன். எண்ணெய் நிறுவனங்கள் ஒரே இரவில் பெட்ரோல் விலையை ஏழரை ரூபாய் உயர்த்தியதில், சென்னையில் ஒரு லிட்டர் 77 ரூபாய் 53 காசுக்குப் போயிருந்த வாரம் அது. அதுவரை அறுபத்தைந்தாயிரத்துக்குக் கீழே ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்றிருந்த உரிமையாளர், அந்த வாரம் அவராகவே ஐம்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கி வந்தார். பேரம் பேசத் தெரியாத எனக்கு விலையேற்றமே பேரம் பேசிக் கொடுத்தது. அன்று வாங்கிய நாற்பது பக்க நோட்டில்தான் இன்றுவரை இந்த வண்டியின் பெட்ரோல் கணக்கை எழுதி வருகிறேன். பழைய கார் வாங்கலாமா, இந்த விலையில் ஓட்டிக் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் பலர் இருப்பதால், அந்த நோட்டையே ஆதாரமாக வைத்து என் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. இத்தாலியின் ஃபியட் 1100 காரின் வழிவந்தது. மும்பை குர்லாவில் தயாரானது. 1089 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத் திறனை ஒட்டிய சக்தி, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரக்கூடிய பெஞ்ச் சீட். பெட்ரோலைக் கணக்கிட்டுத் தெளிக்கும் கணினி எதுவும் கிடையாது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் உள்ள ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் துளை எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல்தான் எஞ்சினுக்குப் போகும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

வாங்கிய புதிதில் என் மெக்கானிக் மைலேஜ் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை அளந்து ஊற்றி, பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பின் குழாயை அந்தப் பாட்டிலுக்குள் விட்டார். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டினோம். காரமடை தாண்டுவதற்குள் இரண்டு முறை துள்ளி, வண்டி அணைந்தபோது பதின்மூன்று கிலோமீட்டர் ஆகியிருந்தது. "பரவால்லீங்க சார், இந்த வயசுக்கு இது நல்ல பசிதானுங்க" என்றார். இது பாதுகாப்பான முறையல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் கணக்குப் பார்க்கிறேன்.

பெட்ரோல் விலை சரிந்து சென்னையில் அறுபது ரூபாயை ஒட்டி நின்ற 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பொற்காலம். 2016-இல் மட்டும் 5,200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். நானூறு லிட்டர், சுமார் 25,000 ரூபாய். நோட்டில் அந்த ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால், பயணத்துக்கான காரணம் எழுதும் பத்தியில் பாதிக்கு மேல் வெறும் கோடுதான் இருக்கிறது. காரணமே இல்லாமல் ஆழியாறு வரை போய் அணைக்கரையில் மீன் தின்றுவிட்டுத் திரும்பிய நாட்கள் அவை. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியபோது, அந்தச் சில பைசா ஏற்றங்களை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஏறினால் ஊரே பேசும். இருபது பைசா, முப்பது பைசாவாக ஏறியதை யாரும் பேசவில்லை. 2020 மே மாதத்தில் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்குப் பத்து ரூபாய் கூட்டியது. 2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் மாநில அரசு மூன்று ரூபாயும், நவம்பரில் மத்திய அரசு ஐந்து ரூபாயும் வரியைக் குறைத்தும், 2022 ஏப்ரலில் விலை 110 ரூபாய் 85 காசைத் தொட்டது. மே மாதம் மறுபடி வரி குறைந்து 102 ரூபாய் 63 காசில் வந்து நின்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

என் நோட்டில் 2023-ஆம் ஆண்டுக்கு 1,700 கிலோமீட்டர்தான் பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் 142 லிட்டர், அதாவது 14,500 ரூபாய்க்குச் சற்று மேல். 2016-ஐவிடப் பெட்ரோலுக்குப் பத்தாயிரம் ரூபாய் குறைவாகவே செலவழித்திருக்கிறேன். லாபம்தானே என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், அதே ஆண்டின் பட்டறைச் செலவு 11,400 ரூபாய் என்று இருக்கிறது. 2016-இல் அது மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பணம் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலை நூறைத் தாண்டிய பிறகு பங்கில் "டேங்க் ஃபுல்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு விட்டுப்போய், "ஐந்நூறுக்குப் போடுங்க" என்பது வாயில் வந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்து லிட்டர்கூட வராது. ஆக, டேங்கில் முக்கால்வாசி எப்போதும் காற்றுதான் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்கப்படும் வண்டியின் இரும்பு டேங்குக்குள் அந்த ஈரம் வியர்த்தது. அதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு சராசரியாகப் பத்து சதவீதத்தை எட்டியது; 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வாரம் ஒரு முறை டேங்க் காலியாகி நிரம்பும் வண்டியில் இதற்கு நேரம் கிடைக்காது. என் வண்டியில் நேரம் தாராளமாகக் கிடைத்தது.

2023 அக்டோபரில் வண்டி மேடு ஏறும்போதெல்லாம் திணறியது. பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றி, மிதவை இருக்கும் கிண்ணத்தைத் திறந்தார்கள். அடியில் துருப்பொடி காப்பி டிகாக்ஷன் வண்டல்போலப் படிந்திருந்தது. பித்தளை ஜெட்டின் ஓரத்தில் லேசான பச்சை. பம்பைப் பிரித்தால், உள்ளே இருந்த டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு ஊறி உப்பி, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. டேங்கை இறக்கிக் கழுவியது, டயாபிரம், குழாய்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியது, ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கியது என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை. இதில் பேட்டரியும் உண்டு. ஓடாமல் நின்றே செத்துப்போன இரண்டாவது பேட்டரி அது.

ஜெட்டைப் பெரிதாக்கியது ஏன் என்று சிலர் கேட்டார்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும். புதிய கார்களில் சென்சார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். மேலும், ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இருபது சதவீதக் கலப்பு என்றால் நாம் வாங்கும் ஒவ்வொரு லிட்டரிலும் ஆறேழு சதவீத ஆற்றல் குறைவு என்று பொருள். விலைப் பலகையில் ஏறாத இந்த ஏற்றம் என் நோட்டில் பதின்மூன்றுக்குப் பதில் பன்னிரண்டாகத் தெரிகிறது. இதற்கு மாற்றாக ஆக்டேன், அதாவது அமுக்கத்தைத் தாங்கும் திறன், கூடிய விலை உயர்ந்த பெட்ரோலைச் சில மாதங்கள் போட்டுப் பார்த்தேன். கலவையை எட்டு மடங்குகூட அமுக்காத இந்த எஞ்சினுக்கு அது வெறும் ஆடம்பரம்.

சிக்கனம் என்ற பெயரில் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில், விலை உச்சத்தில் இருந்தபோது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் முப்பத்து மூன்று கிலோமீட்டரில் பெரும்பகுதியை நியூட்ரலில் இறக்கினேன். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டி இது. பாதி மலையில் எரிந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் மெத்தென்று தரைவரை போனது. கையை நடுங்கவிடாமல் கியரைப் பிடித்து இரண்டாவதில் தள்ளி, கைபிரேக்கையும் இழுத்து, மண்மேட்டோரம் நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி அன்று எதுவும் பேசவில்லை. மறுவாரம் பயணத்துக்கு அழைத்தபோதுதான் பேசினார். மிஞ்சிப்போனால் அரை லிட்டர் மிச்சமாகியிருக்கும்.

பழைய வண்டிகளோடு கூடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் விலையேற்றம் எல்லோரையும் ஒன்றுபோல் பாதிக்கவில்லை. நண்பர் ஒருவரிடம் சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. அதுவும் என் வண்டியைப்போலவே சிற்றுண்டிக்காரன். பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவருக்கு எட்டு, ஒன்பதுதான் கிடைக்கிறது. 1950-களின் அமெரிக்கக் கார் வைத்திருப்பவர் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வாய்விட்டே சொல்வார். அவருக்கு நூறு கிலோமீட்டர் போய்வர இரண்டாயிரம் ரூபாய். ஆனால் முதலில் வருவதை நிறுத்தியவர்கள் அவரைப் போன்றவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் ஒரு பத்மினியையோ பழைய புல்லட்டையோ காப்பாற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள்தாம் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவர் கேஸ் கிட் பொருத்தினார். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்ததும் பெட்டி வைக்க இடமில்லாமல் போனது, அடுத்த ஆண்டே வண்டியை விற்றுவிட்டார். அந்த வருத்தம் எனக்கு என் கணக்கைவிடப் பெரிது.

பெட்ரோலைத் தவிரவும் ஒரு செலவு ஏறியிருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அது 10,000 ஆகியிருக்கிறது. நான் 2019-இல் அறுநூறும் 2024-இல் ஐயாயிரமும் கட்டினேன். 2029-க்குப் பத்தாயிரம் எடுத்துவைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு நிறைந்தால் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் என் வண்டிக்கு 2034 வரை அந்தத் தகுதி வராது. வந்தாலும் அன்றாட ஓட்டத்துக்கு அதில் அனுமதி இல்லை.

2024 தொடக்கத்திலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். தூரத்தைக் குறைத்தேனே தவிர, எத்தனை முறை எடுக்கிறேன் என்பதைக் குறைக்கவில்லை. வாரம் தவறாமல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். எஞ்சின் முழுதாகச் சூடாகி, புகைக்குழாய்க்குள் தங்கிய ஈரம் காயும் அளவுக்கு. டேங்க் பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிடுகிறேன். ஆண்டுக்கு 1,400 கிலோமீட்டர்தான் ஆகிறது என்றாலும், கார்புரேட்டரை அதன் பிறகு ஒரு முறைதான் திறந்தோம். கிண்ணம் சுத்தமாக இருந்தது. நோட்டில் காரணப் பத்தியில் இப்போது கோடு வருவதில்லை. காய்கறி, மருந்து, உறவினர் வீடு என்று ஏதாவது எழுதிவிடுகிறேன். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

2019-க்குப் பிறகு வால்பாறை போகவில்லை. இந்த டிசம்பரில் மூன்று வண்டிகளுக்குப் பதிலாக என் ஒரு வண்டியில் மூவர் போவதென்று முடிவாகியிருக்கிறது. போய்வர 210 கிலோமீட்டர், மலை ஏற்றத்தையும் சேர்த்து 19 லிட்டர், தலைக்கு 650 ரூபாய்க்குள் முடியும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் யார் எத்தனை ஓட்டுவது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. வண்டி என்னுடையது என்ற வாதத்தை மற்ற இருவரும் ஏற்க மறுக்கிறார்கள்.