கதவோரத்து ஸ்டிக்கர்: டிரெய்லர் இழுக்க எந்தப் பழைய பிக்கப்?

"இது எவ்வளவு இழுக்கும்?" என்று பழைய பிக்கப் விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பவுண்ட் என்பார், பதினோராயிரம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விளம்பர ஏட்டில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. நானும் அந்த எண்ணை நம்பித்தான் முதல் வண்டியை வாங்கினேன். குடும்பத்தோடு தங்கிச் சமைத்துப் பயணம் போக நாங்கள் வைத்திருக்கும் டிரெய்லர் வீட்டின் வெற்று எடை 5,600 பவுண்ட், வண்டி இழுப்பதோ 11,000. பாதிதானே என்ற தெம்பில் அமெரிக்காவின் டென்வரிலிருந்து கிளம்பினேன். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. இரவானதும் முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டின. எதிரே வந்தவர்கள் எல்லோரும் விளக்கைச் சிமிட்டித் திட்டினார்கள். லாரிகள் தங்கும் பெட்ரோல் நிலையம் ஒன்றின் எடைமேடையில் ஏற்றி நிறுத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. இழுவை வரம்புக்கு வெகு கீழே இருந்தேன். சுமக்கும் வரம்பையோ 300 பவுண்ட் தாண்டியிருந்தேன்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். முன்பாரம், பின்பாரம் என்று அதற்குப் பெயரே உண்டு. பயண டிரெய்லரும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை பிக்கப்பின் கொக்கியில் முன்பாரமாக இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடிய ஆட்டம் அது. இந்த முன்பாரம் முழுவதும் வண்டியின் பேலோட் கணக்கில், அதாவது அது தன்மீது சுமக்கக்கூடிய எடையில், சேர்கிறது.

அந்த எடை எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது: பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. மாடலுக்கான பொது எண் அல்ல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கான எண். கூரைக் கண்ணாடி, தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். ஒரே ஆண்டு, ஒரே பெயர் கொண்ட இரண்டு வண்டிகளுக்கு இடையே 500 பவுண்ட் வேறுபாட்டை நானே பார்த்திருக்கிறேன்.

என் கணக்கைச் சொல்கிறேன். டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 7,000 பவுண்ட். வெற்று எடையை மறந்துவிடுங்கள். அதில் தண்ணீர் இல்லை, துணிமணி இல்லை, அரிசியும் குக்கரும் இல்லை. 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். உச்ச எடையில் 13 விழுக்காடு என்றால் முன்பாரம் 910. அந்தப் பாரத்தை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் என்ற இணைப்பு ஏறக்குறைய 100. நாங்கள் நால்வர் 520. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்கள் 200. கூட்டினால் 1,730 பவுண்ட். இனி வரும் ஒவ்வொரு வண்டியையும் இந்த எண்ணோடுதான் நிறுத்திப் பார்த்தேன்.

இழுவை எண் வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு சோதனை விதி இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தை, கொளுத்தும் வெயிலில் ஏசியை முழுவதும் ஓடவிட்டபடி, 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். டொயோட்டா 2011 மாடல்களிலேயே இந்த விதியை ஏற்றது. டெட்ராய்ட் நிறுவனங்கள் மூன்றும் (ஃபோர்டு, செவ்ரோலே, ராம் வண்டிகளைச் செய்பவர்கள்) 2015 வாக்கில்தான் வந்தன. ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளின் இழுவை எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். சோதனையிலும் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்ட் எடையுள்ள இருவர் மட்டுமே. பின் இருக்கையில் சண்டை போடும் பிள்ளைகள் கிடையாது.

முதலில் ராம் 1500. ஓட்டிப் பார்த்ததில் என் மனைவிக்கு மிகவும் பிடித்தது இதுதான். பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் என்பதால் கார் போல மிதக்கிறது. 5.7 லிட்டர் ஹெமி எஞ்சின் 395 குதிரைத் திறன் தருகிறது, 2013 முதல் வந்த எட்டு கியர் பெட்டி அருமையாக மாற்றுகிறது. ஆனால் கதவைத் திறந்ததும் மனம் சோர்ந்தது. நான் பார்த்த நான்கு கதவு ராம்களில் ஸ்டிக்கர் 1,100க்கும் 1,350க்கும் இடையே நின்றது. காற்று சஸ்பென்ஷன் வைத்த வண்டி மட்டமாக நிற்கும், அதனால் நிறையச் சுமக்கும் என்று ஒருவர் வாதாடினார். மட்டமாக நிற்பது வேறு, வலுவாக நிற்பது வேறு. ஸ்டிக்கர் எண் அதனால் ஒரு பவுண்ட் கூட ஏறாது. ஹெமியில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். புகைபோக்கி மேனிஃபோல்டின் போல்ட் உடைந்திருந்தால் செலவு பொறுத்துக்கொள்ளலாம். வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர் தேய்ந்து கேம்ஷாஃப்டைத் தின்றுகொண்டிருந்தால் பையில் ஓட்டைதான். இன்னொரு விஷயம்: 2019ல் புதிய உடலமைப்பு வந்த பிறகும் பழையதைக் 'கிளாசிக்' என்ற பெயரில் விற்றார்கள். ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 5,000 பவுண்டுக்குக் குறைந்த சிறிய டிரெய்லர், இரண்டு பேர் பயணம் என்றால் 3.92 அச்சு விகிதம் (எண் கூடினால் இழுக்கும் வலு கூடும்) கொண்ட ராமைத் தயங்காமல் வாங்கலாம். எனக்கு உதவாது.

டொயோட்டா டண்ட்ராவுக்கு வருவோம். 2012 அக்டோபரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலீஸ் பாலம் ஒன்றின் மீது இழுத்துச் சென்றது இந்த வண்டிதான், அந்தப் படத்தை விற்பவர்கள் இன்னமும் காட்டுகிறார்கள். ஓடம் தனக்கென்று இருந்த சக்கரமேடையில் ஊர்ந்துபோனது. டண்ட்ராவின் முதுகில் அது உட்காரவில்லை. சுமப்பதற்கும் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்காது. 2007 முதல் 2021 வரை வந்த தலைமுறையின் 5.7 லிட்டர் எஞ்சின் உழைப்பாளி: 381 குதிரைத் திறன், அசுர முடுக்கம் தரும் 4.30 அச்சு விகிதம், சிக்கலற்ற ஆறு கியர். இரண்டு லட்சம் மைலைத் தாண்டியும் தளராமல் ஓடுபவை ஏராளம். குறைகளும் வெளிப்படையானவை. சுமை இல்லாமலே பெட்ரோலைக் குடிக்கும். பனிச்சாலைகளில் உப்புத் தூவும் மாநிலங்களிலிருந்து வந்த ஆரம்ப ஆண்டு வண்டி என்றால் அடியில் படுத்து, துருப்பிடித்திருக்கிறதா என்று அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நான் பார்த்த, பயணிகள் அறை பெரிதான வண்டிகளில் ஸ்டிக்கர் 1,250 முதல் 1,450 வரை. விலையோ இறங்க மறுக்கிறது. ஒரு லட்சம் மைல் ஓடிய டண்ட்ராவின் பணத்துக்கு அதில் பாதி தூரமே ஓடிய வேறு வண்டி கிடைக்கிறது. 2022ல் வந்த புதிய தலைமுறை இன்னும் பலமாக இழுக்கிறது என்றாலும், எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கிய பிரச்சினைக்காக அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளை 2024ல் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததற்கான தாள் இல்லாமல் தொடக் கூடாது.

செவ்ரோலே சில்வராடோ 1500 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2014 முதல் 2018 வரையிலான வண்டிகள் மலிவாக, எங்கும் கிடைக்கின்றன. 5.3 லிட்டர் எஞ்சினும் ஆறு கியரும் சேர்ந்தது போதுமானது. 2015க்குப் பிந்தைய எட்டு கியர் பெட்டிகள் அதிர்வுக்குப் பேர்போனவை. எரிபொருள் மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாடு, லிஃப்டர்களைச் சிக்கவைத்து எஞ்சினையே பிரிக்கவைத்த கதைகள் உண்டு. பிரேக் உதவிப் பம்புக்காக 2019ல் வந்த திரும்ப அழைப்பு சுமார் 34 லட்சம் வண்டிகளைத் தொட்டது. வண்டியின் அடையாள எண்ணை (VIN) டீலரிடம் தந்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது, கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிய குறியீட்டுத் தாள். அதில் என்எச்டி (NHT) என்று இருந்தால் உச்ச இழுவைப் பொதி, அதாவது அதிக எடை இழுப்பதற்கென்று தொழிற்சாலையிலேயே சேர்த்த பாகங்களின் தொகுப்பு; ஜிடி4 (GT4) என்றால் 3.73 அச்சு விகிதம். விற்பவர் வாய்ப்பேச்சை நம்ப வேண்டிய தேவை இல்லை. 6.2 லிட்டர் எஞ்சின் ஆசை காட்டும், ஆனால் 2021 முதல் 2024 வரையிலானவற்றில் எஞ்சினின் தாங்கிகள் (பேரிங்) பழுதாவதால் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகளை 2025ல் திரும்ப அழைத்தார்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஃபோர்டு எஃப்-150. 2015ல் உடலை அலுமினியமாக்கியதில் மிச்சமான எடை நேராகப் பேலோடுக்குப் போயிற்று. 1,700, 1,850 என்று ஸ்டிக்கர்களைப் பார்த்தபோது முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேள்வி எஞ்சினில் வந்தது. 5.0 லிட்டர் வி8 வாங்குவதா, இரட்டை டர்போ வைத்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வாங்குவதா?

சமவெளியில் வாழ்பவர் என்றால் வி8 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழக்கிறது. 395 குதிரைகளோடு கிளம்பிய வி8, சுரங்க வாயிலை அடையும்போது 270க்கும் குறைவாக மூச்சிரைக்கும். டர்போவோ மெலிந்த காற்றையும் அமுக்கித் திணித்துக்கொள்ளும். 2017க்குப் பிந்தைய ஈகோபூஸ்ட் 470 பவுண்ட்-அடி முறுக்கு விசையை 3,500 சுற்றிலேயே தருகிறது. வி8 தனது 400 பவுண்ட்-அடிக்கு 4,500 சுற்று அலற வேண்டும். சில்வர்தோர்னிலிருந்து சுரங்கம் வரையிலான அந்த 7 விழுக்காடு ஏற்றத்தில் பின் இருக்கையில் பேச்சு கேட்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். சிறிய எஞ்சினால் தன் இழுவிசையால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. பெரிய வி8 கீழ் கியரில் நன்றாகப் பிடிக்கும். பிரேக் பிடிக்காத லாரிகளுக்கென்று அதே மலைச் சரிவில் சரளைக்கல் தப்பிப்புப் பாதைகளைப் போட்டுவைத்திருப்பது சும்மா இல்லை. ஈகோபூஸ்டில் பத்து கியரும் இழுவை முறையும் ஓரளவுக்கு ஈடுசெய்கின்றன. மீதியை ஓட்டுபவரின் பொறுமைதான் ஈடுசெய்ய வேண்டும். மிச்சம் பிடிப்பதையும் மறந்துவிடுங்கள். டிரெய்லர் மாட்டினால் எல்லா எஞ்சினும் கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான். எஞ்சினின் பெயரில் ஈகோவும் (சிக்கனம்) உண்டு, பூஸ்டும் (கூடுதல் வலு) உண்டு. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது.

ஈகோபூஸ்டின் உண்மையான ஆபத்து வேறு. 2017 முதல் 2020 வரையிலானவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றித் தரும் கேம் ஃபேசர் என்ற பாகம் தளர்ந்து, குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பித்ததும் ஒன்றிரண்டு விநாடி கடகடவென்று சத்தமிடும். சரிசெய்யச் சில ஆயிரம் டாலர். ஆகவே விற்பவரிடம் "நான் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய், முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளலாம். வி8 பக்கமும் புனிதமில்லை. 2018 முதல் 2020 வரையிலானவற்றில் எண்ணெய் குறையும் புகார் பரவலாக உண்டு.

இத்தனையும் வேண்டாம் என்று ஒரு நண்பர் 1500ஐவிடக் கனமான வேலைக்கான சில்வராடோ 2500 வாங்கினார். பழைய 6.0 லிட்டர் எஞ்சின், இரும்புக் கட்டை, சிலிண்டர்களை உறங்கவைக்கும் வேலையெல்லாம் இல்லை. 360 குதிரைதான், மேலே ஏறும்போது முனகும். ஸ்டிக்கரோ 2,900க்குப் பக்கத்தில். டிரெய்லர் 8,000 பவுண்டை நெருங்கினாலோ, இன்னொரு பிள்ளை வரப்போகிறது என்றாலோ அந்த வழிதான். வெறும் வண்டியாக நகரத்தில் ஓட்டினால் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும், கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டீசல் வாங்கினால் இன்னும் நல்லது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எஞ்சினின் எடையே பேலோடில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வைத்த ராம் 2500 சிலவற்றில் ஸ்டிக்கர் 2,000 பக்கம் இறங்கிவிடுகிறது. பள்ளிக்கும் கடைக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் குடும்ப ஓட்டத்தில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஆறு வார இறுதிகளுக்காக டீசலைக் கட்டி மேய்க்க நான் தயாராக இல்லை.

கடைசியில் நான் தேடியது ஒன்றே: 2019 அல்லது 2020 எஃப்-150, நடுத்தர அலங்காரம், உச்ச இழுவைப் பொதி, ஈகோபூஸ்ட், ஃபேசர் மாற்றிய ரசீதோடு. ஐந்து பேரிடம் வண்டிப் படத்துக்குப் பதிலாகக் கதவோரத்து ஸ்டிக்கரின் படத்தைக் கேட்டேன். இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் வண்டியின் பளபளப்பான முன்முகத்தை நான்கு கோணத்தில் அனுப்பினார். நான்காமவர் அனுப்பியதில் கூரைக் கண்ணாடி வைத்த உயர்ரக வண்டி, 1,412. ஐந்தாமவர் பியூப்ளோவில் குழாய் வேலை செய்பவர். துணி இருக்கை, பின்தொட்டியில் கீறல்கள், ஸ்டிக்கரில் 1,846. "இதை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். சனிக்கிழமை காலை வருகிறேன், அதுவரை எஞ்சினை எழுப்பாதீர்கள் என்றேன்.