புகையை நிறுத்த எது கைகொடுக்கும்: சூயிங்கமா, பேட்சா, மாத்திரையா?

எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? உங்களுக்கு எந்த வழி பொருந்தும் என்பதை இந்தக் கேள்விதான் தெளிவாகக் காட்டும். அரை மணி நேரத்துக்குள் என்றால் நிகோடினின் பிடி பலமாக இருக்கிறது. மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எந்தத் துணையும் இல்லாமல் விட்டவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான்.

"விட வேண்டாம், ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்பதை ஒரு வழியாகவே எண்ண முடியாது. தினம் 20 பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தினம் ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. 'லைட்ஸ்' வகைக்கு மாறினால் உடல் தனக்கு வேண்டிய நிகோடினுக்காக இன்னும் ஆழமாக இழுக்கும். இ-சிகரெட் 2019 சட்டப்படி நாடு முழுவதும் தடை. அதனால் கள்ளச்சந்தையில் வாங்கும் இ-சிகரெட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நிகோடின் சூயிங்கம்தான் எளிதில் கிடைப்பது; அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துவதும் அதுவே. 2 மி.கி மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மி.கி-க்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி-தான் சரியான அளவு. மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுரீரென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். சாதாரண பபிள்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டலில் முடியும், தவிப்பும் தீராது. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, நாளைக்குக் குறைந்தது 9 வேண்டும். "கம் எனக்கு வேலை செய்யல" என்பவர்களில் பலர் நாளைக்கு இரண்டோ மூன்றோ மட்டும் மென்றவர்கள்.

பெங்களூரில் கம்முக்குத் தனியாக ஒரு சிக்கல். தவிப்பு உச்சத்துக்கு வருவது தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிறு உணவகம்) பை-டூ காபி (ஒன்றை இருவர் பகிர்வது) கையில் இருக்கும்போதும், பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போதும்தான். கர்நாடகத்தில் உதிரி சிகரெட் விற்பனைக்கு 2017-லேயே தடை வந்தும், டீயோடு ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. அதே நேரத்தில் கம் மென்றால் பலன் குறைவு, ஏனெனில் காபி, ஜூஸ், கோலாவின் புளிப்பு வாயில் நிகோடின் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். குடித்து 15 நிமிடமாவது கழியட்டும்.

அந்த இடத்தில் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் ஜெயிக்கிறது. காலையில் ஒட்டினால் நாள் முழுக்கச் சீராக நிகோடின் இறங்கும்; டீயோ காபியோ அதைத் தொடாது. தினம் 10-க்கு மேல் பிடிப்பவருக்கு 21 மி.கி 6 வாரம், 14 மி.கி 2 வாரம், 7 மி.கி 2 வாரம். முடியில்லாத, எண்ணெயோ லோஷனோ படாத தோலில் ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். பைக்கில் போகும்போது முதுகுப்பை வார் உரசும் இடம் ஆகாது. தினம் இடத்தை மாற்றாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். விசித்திரக் கனவுகள் வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். கழற்றியதிலும் நிகோடின் மிச்சமிருக்கும், ஆகவே ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைக்கு எட்டாமல் எறியுங்கள். பேட்சின் குறை வேகம்: திடீரென எழும் தவிப்பை அதனால் உடனே அடக்க முடியாது. அதனால் பேட்ச் அடித்தளமாக, கம் அவசரத்துக்கு என்று இரண்டையும் சேர்ப்பதே தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. பெரும்பாலோருக்கு எங்கள் முதல் தேர்வும் இதுதான். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரைகளில் வரெனிக்லின் முன்னால் நிற்கிறது. 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பேட்சையும், புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையையும் அது முந்தியது. முதல் 3 நாள் 0.5 மி.கி ஒரு வேளை, அடுத்த 4 நாள் இரு வேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மி.கி இரு வேளை, மொத்தம் 12 வாரம். வழக்கமாக 8-ஆம் நாளே சிகரெட்டை நிறுத்தும் நாள். குமட்டல் சகஜம், சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். வலிப்பு வந்தவர்களுக்கு புப்ரோபியான் கூடவே கூடாது. இரண்டுமே டாக்டர் சீட்டில்தான்.

எந்த வழியில் விட்டாலும் காபியைப் பாதியாக்குங்கள். கல்லீரல் காஃபீனை வேகமாகக் கரைக்கும்படி செய்வது சிகரெட் புகை. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் நிகோடின் இல்லாத தவிப்பு என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. மனநோய்க்கான ஓலன்சபின், குளோசபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகிய மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இதே காரணத்தால் அளவு மாற வேண்டியிருக்கும். நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தோடு ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையிலையை விட உதவும் ஆலோசனைச் சேவையின் இலவச எண். அதன் மையங்களில் ஒன்று பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்சைக் கழற்றி எறியாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும், அடுத்த சிகரெட்டை மட்டும் விடுங்கள், மறுநாள் வழக்கமான நேரத்தில் புதியதை ஒட்டுங்கள்.