யோயிதோவில் யாரோ பணம் கட்டிய காபி

2024 டிசம்பரில் சியோலின் யோயிதோ பகுதியில், நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள காபிக் கடைகளில் ஓர் ஏற்பாடு நடந்தது. அதிபரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரி அங்கே நடந்த போராட்டத்துக்கு வர முடியாத ஒருவர் கடைக்குப் போன் செய்து ஐம்பது கோப்பைக்கோ நூறு கோப்பைக்கோ பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவார். எந்தக் கடை, எந்தப் பெயரில் கட்டியிருக்கிறது என்று எக்ஸ் தளத்தில் போட்டுவிடுவார். நாம் கவுன்டரில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் காபி கைக்கு வந்துவிடும். நீ யார், எந்தக் கட்சி என்று ஒரு கேள்வி கிடையாது. அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆனால் அந்தக் குளிரில் ஜனங்களை வாராவாரம் திரும்ப வரவைத்ததில் இந்தக் காபிக்கு உள்ள பங்கை யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

நடந்தது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். படைவீரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைய, மக்கள் வாசலில் திரள, நள்ளிரவு தாண்டி 190 உறுப்பினர்கள் கூடி ஒருவர்கூட மறுக்காமல் அதை நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். 7ஆம் தேதி பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. ஆளுங்கட்சியினர் பெரும்பாலும் வெளியேறிவிட, 195 வாக்குகள்தான் விழுந்தன. தேவை 200. வாக்குப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

அன்று என் ஆய்வகத் தோழி வாடிப்போய் வந்தாள். இனிப் போய் என்ன ஆகப்போகிறது என்றாள். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் கிளம்பினாள், கிளம்பும் முன் 7ஆம் தேதி ஓசியில் குடித்த அதே கடைக்கு இருபது கோப்பைக்குப் பணம் அனுப்பினாள். யாரென்றே தெரியாத ஒருவர் தனக்காகச் செலவு செய்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை என்று சொன்னாள். இந்தச் சேவை வேலை செய்யும் விதம் எனக்கு அங்கேதான் விளங்கியது. வாங்கிக் குடித்தவர் அடுத்த வாரம் கொடுப்பவராகிவிடுகிறார். அப்புறம், இரவு வேலை உள்ளவர், கைக்குழந்தைக்காரர், வெளிநாட்டில் வாழும் கொரியர் என வர முடியாதவர்களுக்கும் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

14ஆம் தேதி நானும் அந்தப் பக்கம் போனேன். வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபடக் கூடாது என்று இங்கே குடிவரவுச் சட்டம் சொல்கிறது, அதனால் கோஷம் எழுப்பாமல் ஓரமாகவே நின்றேன். நான் பார்த்த கடையின் வாசலில் ஓர் அட்டை, இன்னும் எத்தனை கோப்பை மிச்சம் என்று அதில் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று காட்டும் இணைய வரைபடத்தையும் யாரோ செய்து வைத்திருந்தார்கள். கழிவறைகளுக்குத் தனி வரைபடம். குழந்தைக்குப் பாலூட்டவும் உடை மாற்றவும் ஒருவர் பேருந்தையே வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தார். சித்திரை வெயிலில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலைப் பனிக்காலத்துக்கு மாற்றி, பத்து நாளுக்குள் ஊரே சேர்ந்து போட்டது போல இருந்தது. ரசிகர்கள் கச்சேரிகளில் பிடிக்கும் ஒளிக்கோலை ஆட்டிக்கொண்டு கே-பாப் பாடிய பெண்களுக்குப் பக்கத்தில் தாத்தாக்கள் வரி தெரியாமலேயே தலையாட்டினார்கள். அன்று 204 வாக்குகள் ஆதரவாக விழுந்து பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. அந்த நேரத்தில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது.

சரி, காபி எப்படி? அமெரிக்கானோ, சுமார்தான். நம் டிகாஷனுக்குப் பழகிய நாக்குக்குத் தண்ணீர். கொட்டும் குளிரிலும் இங்கே பலர் ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள், அதனால் சூடாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வரிசை நீளம், அரை மணி நேரம்கூட ஆகலாம். உள்ளே இருந்த இரண்டு பையன்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். பணம் கட்டுகிறவர்கள் ஒரே கடையில் குவிக்காமல் பிரித்துக் கட்டினால் நன்றாக இருக்கும், வேலை செய்கிறவர்களும் மனிதர்கள்தானே. ஒருவரே நாலு கோப்பை அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன், ஆனால் மிகக் குறைவு.

இது திடீரென்று முளைத்த பழக்கம் இல்லை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டபோது, சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துப் போராடியவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சோற்று உருண்டையைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். கவுன்டரில் பெயர் சொல்லிக் காபி வாங்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் தெரியும்.

யோயிதோவோடு முடியவும் இல்லை. டிசம்பர் 21, ஆண்டின் மிக நீண்ட இரவு, யூனுக்கு எதிராக டிராக்டர்களில் வந்த விவசாயிகளை சியோலின் தெற்கு எல்லையிலுள்ள நம்தேரியோங் கணவாயில் போலீஸ் மறித்தது. செய்தி பரவி இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து விடியும்வரை கூடவே நின்றார்கள். வர முடியாதவர்கள் அனுப்பிய சாப்பாடு டெலிவரி பைக்குகளில் வந்து இறங்கியது. மறுநாள் வழி திறந்தது. ஜனவரியில் யூனின் அதிபர் இல்லம் இருந்த ஹன்னம்-டோங்கில் பனி கொட்ட, அவரைக் கைது செய்யக் கோரி வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடம் கதவைத் திறந்துவிட்டது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் நாடாளுமன்றத் தீர்மானத்தை ஏற்று ஒருமனதாக யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். நான்கு மாதம். கோபம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு நாள் தாங்கியிருக்காது என்பது என் கருத்து.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரையைக் குறைத்தது சைவக்காரர்களுக்காக: காபிக்கு அப்பால் முன்பணம் கட்டியிருந்த கிம்பாப்பில் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) பெரும்பாலும் ஹாமோ மீன் கேக்கோ இருந்தது, சூப்பிலும் மீன் அல்லது இறைச்சிச் சாறு. நீங்கள் எங்காவது இப்படிப் பணம் கட்டுவதாக இருந்தால் வாழைப்பழமோ அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கொரியக் குளிர்காலத்தில் அந்தக் கிழங்கு சுலபமாகவே கிடைக்கும், கை சூட்டுக்கும் ஆச்சு.